முதல் பேஸ் பக்கத்து ஈரம்

மைதான வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே உங்கள் கையில் ஹோஸ் பைப்பைத் தருவார்கள். புல் வெட்டும் இயந்திரம் விலை கூடியது, அதைத் தரமாட்டார்கள். வெள்ளைக்கோடு போட நிதானமான கை வேண்டும், அதையும் தரமாட்டார்கள். தண்ணீர் அடிப்பதை யாரும் செய்யலாம் என்று நினைப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் நான் செய்தவற்றுள் ஆகக் கடினமானது அந்தத் தண்ணீர் அடிக்கிற வேலைதான். அதில் ஒருநாள் நான் விட்ட பிழையால் ஒரு மனிதரின் விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோகப் பார்த்தது. அதை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் நீங்கள் இப்போது வேலை செய்யும் அதே பேஸ்போல் மைதானத்தில்தான் நானும் இருந்தேன். முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். புல்லுக்கு வரும் நோய், உரத்தின் அளவு எல்லாம் உங்களுக்குக் கொடுக்கும் கைநூலில் இருக்கிறது. என்னைவிட அது நன்றாகச் சொல்லும்.

நான் சேர்ந்தபோது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் கிழக்குக் கடலோரத்து நியூஃபவுண்ட்லாந்துக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். எனக்கும் பேச்சு வராது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

முதல் வருடம் ஒருநாள் காலையில் அவர் மூன்றாம் பேஸைக் காட்டி ஏதோ சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். அவர் சொன்னது ஒரு சொல்லும் விளங்கவில்லை. அன்று பின்னேரம் ஆட்டத்தில் ஒருவர் சறுக்கிக்கொண்டு வந்து மூன்றாம் பேஸைப் பிடித்தார். பேஸ் என்பது மண்ணில் பொருத்தியிருக்கும் சதுரமான வெள்ளைத் திண்டு. அது அப்படியே கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மைதானமே சிரித்தது. பேஸ் இறுகியிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார் என்பதுதான் காலையில் அவர் சொன்னது.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் கேட்டார், "நான் சொன்னது விளங்கியதா?"

"இல்லை."

"அப்படியானால் ஏன் யெஸ் சொன்னாய்?"

நான் குனிந்து பேஸைத் திரும்பப் பொருத்தத் தொடங்கினேன். அவர் சொன்னார், "உன்னுடைய யெஸ் எனக்குத் தேவையில்லை. பார்த்தேன் என்று சொல். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்."

ஆங்கிலத்தில் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் தருகிறேன். சொன்ன விடயம் மாறவில்லை.

மண்ணின் ஈரம் பார்க்கப் பழக்கியவரும் அவர்தான். அதற்கு அவர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. தன் வீட்டுச் சாவியை எடுத்து மண்ணில் குத்தி, இழுத்து, என்னிடம் காட்டினார். சாவி சிரமப்பட்டு இறங்கினால் மண் காய்ந்திருக்கிறது. மெதுவாக இறங்கிச் சுத்தமாக வெளியே வந்தால் சரி. மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிப்போனது. நானும் என் வீட்டுச் சாவியால் குத்தத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை மனைவி கேட்டா, "கதவுப் பூட்டுக்குள்ள என்னப்பா மண்? திறக்க ஏலாமல் கிடக்குது." அதன் பிறகு நாங்கள் முன்பு இருந்த அப்பார்ட்மென்டின் பழைய சாவி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அது இப்போது எந்தக் கதவையும் திறக்காது. மண்ணுக்கு மட்டும்தான்.

இனி தர்சனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தர்சன் எங்கள் அணியின் முதல் பேஸ்காரர். பந்தை அடித்தவர் ஓடிவரும் முதல் மூலையில் நிற்பவர். மற்றவர்கள் எறியும் பந்தை, ஒரு கால் பேஸைத் தொட்டபடி இருக்க, உடம்பை முழுதாக நீட்டி, ஓடிவருபவர் வந்து சேருவதற்கு முன் பிடிக்கவேண்டும். எல்லோருடைய எறியும் அவரிடம்தான் வரும். மற்றவர் மோசமாக எறிந்தாலும், பிடிக்காவிட்டால் சனம் பார்ப்பது அவரைத்தான்.

அவர் இங்கேயே பிறந்தவர். தாய் தகப்பன் மட்டக்களப்பு. தகப்பன் நகர பஸ் ஓட்டியவர். தர்சன் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில், நாங்கள் பெயரே கேள்விப்படாத அணிகளில், பதினொரு வருடம் சம்பளத்துக்கு விளையாடிவிட்டு எங்கள் அணிக்கு வந்தார். அப்போது வயது முப்பத்துமூன்று. இடது முழங்காலில் ஒப்பரேஷன் செய்த தழும்பு இருந்தது. அவர் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் மட்டன் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக வந்து முதல் பேஸ் பக்கத்து வாங்கில்களை நிரப்பிவிடுவார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள். விதிகள் பாதி தெரியாது. சத்தம் மட்டும் முழுதாக இருக்கும்.

அவர் வந்த இரண்டாவது வருடக் கடைசியில் மூன்று ஆட்டம் மிச்சம் இருந்தது. நான் முதல் பேஸ் பக்கம் ரேக்கால் மண்ணை வாரிக்கொண்டிருந்தேன். தர்சன் வேலியில் காலைத் தூக்கி வைத்து முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மூண்டு கேம்தான். என்ட கால் ஓகே எண்டு காட்டினா நெக்ஸ்ட் இயர் இருக்கு. மனேஜர் ஸ்ட்ரெயிட்டா சொல்லிட்டார்."

"காட்டாட்டி?"

"அந்தப் புதுப் பொடியனுக்குத்தான் பேஸ். நான் ஃபினிஷ்."

"பிறகு என்ன செய்வீங்கள் தம்பி?"

"அம்மா சொல்லுறா ரியல் எஸ்டேட் படி எண்டு." சிரித்தார். "என்ட முகத்த பஸ் ஸ்ரொப் பெஞ்சில போடுவினமாம். இமாஜின், அங்கிள்."

நானும் சிரித்தேன். அவர் போகும்போது மெல்ல நொண்டுகிறாரா என்று பின்னாலிருந்து பார்த்தேன். நொண்டவில்லை. முதல் இரண்டு ஆட்டத்திலும் அவர் ஒரு பந்தையும் விடவில்லை.

மூன்றாவது ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை. வென்றால் அடுத்த கட்டம், தோற்றால் அந்த வருடம் முடிந்தது. தலைவர் சகோதரியின் மகளுடைய கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பொறுப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

எதிரணியில் ஒருவர் இருந்தார். மெலிந்த, குள்ளமான மனிதர். முதல் பேஸுக்கு வந்துவிட்டால் அங்கே நிற்கமாட்டார். எங்கள் ஆள் பந்து எறியும் நேரம் பார்த்து இரண்டாம் பேஸுக்குப் பாய்ந்துவிடுவார். அதைத் தடுக்க ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல் பேஸிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஓடுபவர் காலை ஊன்றித் தள்ளும் இடத்தில், மண்ணை நன்றாக நனைத்து விடுவார்கள். கால் பிடிக்காது, பாய முடியாது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்டால் மண் காய்ந்திருந்தது என்பார்கள்.

பத்தரை மணிக்கு மனேஜர் கையில் கோப்பியோடு வந்தார். அணியை நடத்துபவர் அவர்தான். அதுவரைக்கும் அவர் என்னோடு பேசியதில்லை.

"முதல் பேஸ் பக்கம் காய்ந்து கிடக்கிறது போல," என்றார்.

நான் அப்போதுதான் பார்த்திருந்தேன். சரியான ஈரம்.

"நன்றாகத் தண்ணீர் அடி. மிக நன்றாக." கண்ணைச் சிமிட்டினார்.

"யெஸ், யெஸ்," என்றேன்.

இம்முறை அவர் சொன்னது முழுக்க விளங்கியது. விளங்காமல் தலையாட்டுவது ஒரு பிழை. விளங்கிக்கொண்டே தலையாட்டுவது அதைவிடப் பெரிய பிழை என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது. மனேஜர் என்னிடம் வந்து கேட்டுவிட்டார்.

நான் போட்ட கணக்கு இதுதான். பதினொரு மணிக்குத் தண்ணீர் அடித்தால் இரண்டு மணி ஆட்டத்துக்கு முன் வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும். நடுவருக்குத் தெரியாது. கீழே மட்டும் இளகி இருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஏரிப் பக்கத்திலிருந்து முகில் வந்து மூடியது. மழை இல்லை, காற்றும் இல்லை. ஈரம் அப்படியே நின்றது. ஒரு மணி ஆகும்போது சாவியைக் குத்திப் பார்த்தேன். நான் அழுத்தவே இல்லை, சாவி பிடிவரை இறங்கியது. இழுத்தபோது மண் களிபோல ஒட்டிக்கொண்டு வந்தது.

என்னோடு வேலை செய்தவர் சிவம். ரெக்ஸ்டேலிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி வருபவர். அவர் வந்து காலால் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், உது சேறு. உதில நெல்லு விதைக்கலாம்."

"மனேஜர் சொன்னவர்."

"மனேஜர் சொன்னா நீர் குளமும் வெட்டுவீரோ?"

"மேல காஞ்சிடும்."

"எங்க வெயில்? உம்மட பொக்கற்றுக்குள்ள வச்சிருக்கிறீரோ?"

களஞ்சிய அறையில் ஈரம் உறிஞ்சும் சுட்ட களிமண் பொடி நாலு மூட்டை இருந்தது. ஒரு மணி நேரமும் இருந்தது. இரண்டு மூட்டை கொட்டிக் கிளறியிருந்தால் மண் சரியாகியிருக்கும். ஆனால் மனேஜர் கேட்டதை அவர் கண்முன்னாலேயே இல்லாமல் செய்வது போலாகும். கேள்வி வரும். பதில் சொல்லவேண்டும். பதில் சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது, ஓரத்திலிருந்து காய்ந்த மண்ணை வாரி மேலே பரவி விடுவதுதான். பார்வைக்கு அழகாக இருந்தது. நடுவர் வந்து சுற்றிப் பார்த்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டார். "குட்," என்றேன்.

நான் விட்ட பெரிய பிழையை இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் அடிக்கும்போது நான் யோசித்தது ஒரு காலைப் பற்றி மட்டும். ஓடப்போகும் அந்தக் குள்ள மனிதரின் கால். ஓடுபவர் முதல் பேஸில் நிற்கும்போது எங்கள் முதல் பேஸ்காரரும் அங்கேதான் நிற்பார். பந்து எறியப்பட்டதும் பேஸை விட்டு உள்ளே இரண்டு எட்டுப் பாய்வார். அவர் காலூன்றும் இடம் அதே இடம். ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து நான் வாரிச் சமப்படுத்தும் கால்தடங்களில் பாதி அவருடையவை. அப்படியிருந்தும் அன்று அந்த நினைப்பு வரவில்லை.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். இரண்டாவது இன்னிங்ஸில் குள்ள மனிதர் முதல் பேஸுக்கு வந்தார். நாலடி தள்ளி நின்று காலை ஊன்றிப் பார்த்தார். வழுக்கியது. குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு, பேஸுக்குத் திரும்பிப்போய் நின்றார். மனேஜர், வேலியோரம் அணி உட்காரும் இருப்பிடத்திலிருந்து, என் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

அடுத்த பந்து தர்சனுக்கு நேரே, மெதுவாக, தரையோடு வந்தது. பேஸை விட்டு உள்ளே பாய்ந்தார். இடது கால் புதைந்து, வழுக்கி, பின்னால் போனது. பந்து கையுறைக்குக் கீழால் ஓடிவிட்டது. மூன்றாம் பேஸில் நின்ற அவர்களுடைய ஆள் ஓடிவந்து சேர, எதிரணிக்கு ஓர் ஓட்டம்.

"என்னடாப்பா, சின்னப் பிள்ளையும் பிடிக்கும்!" என்றார் எங்கள் சனத்தில் ஒருவர்.

நாலாவது இன்னிங்ஸில் எங்கள் ஆள் எறிந்த பந்து சற்றே விலகி வந்தது. தர்சன் இரண்டு எட்டு எட்டிப் பிடிக்கக்கூடிய எறி. ஊன்றிய கால் மறுபடியும் போனது. முழங்காலில் விழுந்தார். இன்னோர் ஓட்டம்.

"அண்ணை, காணும்! வீட்டை போய் றெஸ்ற் எடுங்கோ!"

"ரோல்ஸ் சாப்பிட்டது கூடிப்போச்சுது போல!"

சனம் சிரித்தது. அவருடைய தாய் மூன்றாவது வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்டு இருந்தா. அவ சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் வாயை மூடினா.

மனேஜர் கையைக் காட்டினார். இருப்பிடத்திலிருந்து புது ஆள் எழுந்து, கையுறையை மாட்டி, வேலியோரம் பந்து பிடித்துக் கைகாலைச் சூடாக்கத் தொடங்கினார். ஆறாவது இன்னிங்ஸில் அவர் இறங்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நாங்கள் கம்பி வலைப் பாயை இழுத்து மண்ணைச் சமப்படுத்துவோம். மூன்று நிமிடம். அவ்வளவுதான் தருவார்கள். பாயை இழுத்துக்கொண்டு முதல் பேஸுக்கு வந்தபோது தர்சன் இருப்பிடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றார். ஒரு குச்சியால் சப்பாத்தின் அடியிலுள்ள முள்களில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, முழங்கால் நோகுதோ?"

"இல்ல அங்கிள். நோகேல்ல. அதுதான் விளங்கேல்ல." குச்சியை எறிந்தார். "ஊண்டுறன், கால் போகுது. என்ட கால் மாதிரியே இல்ல. வயசு போல."

அவர் நம்பிவிட்டார். பதின்மூன்று வருடம் விளையாடிய மனிதர், மண்ணைச் சந்தேகிக்காமல் தன் காலைச் சந்தேகித்தார். எங்கள் மைதானத்து மண்ணை அவர் அவ்வளவு நம்பியிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் இன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், தன் கால் முடிந்துவிட்டது என்று மிச்ச வாழ்க்கை முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"உங்கட கால் இல்லைத் தம்பி. மண். நான்தான் தண்ணி அடிச்சனான்."

அவர் மண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணுமெண்டோ?"

"ஓம். அவன் ஓடக்கூடாது எண்டு. உங்கட கால யோசிக்கேல்ல."

அவர் ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "அங்கிள்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அவரிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா எக்ஸ்கியூஸ் எண்டு நினைப்பார்."

பாயின் கயிற்றைச் சிவத்திடம் கொடுத்தேன்.

"எங்க போறீர்?"

"மனேஜரிட்ட."

"உமக்கு விசரே? இண்டைக்கோ? அவ்வளவு சனமும் பார்க்குது."

"நீர் போய் பொடி மூட்டையை எடும். நாலையும்."

முதல் பேஸிலிருந்து எங்கள் அணியின் இருப்பிடம் இருபத்தைந்து எட்டுத் தூரம் இருக்கும். போகும் வழியில் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அடுக்கினேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. மிஞ்சியது நாலைந்து சொல்தான்.

"முதல் பேஸ். தண்ணீர் கூடிவிட்டது. தர்சனின் காலில் பிழை இல்லை."

மனேஜர் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அதை இங்கே பேசாதே," என்றார்.

"காயவைக்கப் போகிறேன்."

"காயவைத்தால் அவன் ஓடுவான்."

"ஓடட்டும்."

அவருடைய முகம் சிவந்தது. "நான் தர்சனை இரண்டு தரம் பார்த்தேன். அவனுடைய முழங்கால் போய்விட்டது. நீ டாக்டரா?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஆங்கிலமும் இல்லை, படிப்பும் இல்லை. "வாருங்கள். உங்கள் காலை வைத்துப் பாருங்கள்," என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அவர் வருகிறாரா இல்லையா என்று பார்க்கப் பயமாக இருந்தது.

வந்தார். முதல் பேஸுக்கு நாலடி தள்ளி, தர்சன் நின்ற அடையாளத்திலேயே, தன் இடது காலை வைத்து உடம்பின் பாரத்தை மாற்றினார். மேலே நான் பரவியிருந்த காய்ந்த மண் பிளந்து சப்பாத்து விளிம்புவரை புதைந்தது. காலை இழுத்தபோது சளக் என்று சத்தம் வந்தது. தர்சன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனேஜர் புல்லில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

நடுவர் ஓடிவந்தார். "என்ன இது? எல்லாம் சரி என்று சொன்னாயே?"

"பொய் சொன்னேன்," என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தந்தார். நாங்கள் நாலு மூட்டையும் கொட்டி, கிளறி, மிதித்து, பாய் இழுத்தோம். சனம் பொறுமை இழந்து கத்தியது. "விளையாட்டைக் கெடுக்கிறாங்கள்! ஆரடா உவன்?"

"உம்மைத்தான் கேக்கினம் மச்சான்," என்றார் சிவம், மூட்டையை உதறியபடி. "ஒருக்கா எழும்பிக் கையைக் காட்டும்."

சாவியைக் குத்தினேன். மெதுவாக இறங்கி, சுத்தமாக வந்தது.

ஆறாவது இன்னிங்ஸுக்கு அணி இறங்கியபோது முதல் பேஸுக்கு வந்தது தர்சன். புது ஆள் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஏழாவதில் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக, தரையைத் தட்டி வந்தது. தர்சன் இடது காலை அந்தக் காய்ந்த மண்ணில் ஊன்றி, உடம்பை நீட்டி, தரையோடு தரையாக அதை எடுத்தார். முன்பு ரோல்ஸ் என்று கத்தியவரே எழுந்து விசில் அடித்தார்.

எட்டாவதில் குள்ள மனிதர் மறுபடியும் முதல் பேஸுக்கு வந்தார். காலை ஊன்றிப் பார்த்தார். இம்முறை சிரிக்கவில்லை. இரண்டாம் பேஸுக்கு ஓடினார். பிறகு மூன்றாம் பேஸுக்கு. அடுத்த அடியில் அவர் நாலாவது மூலையான ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்த அந்த ஓர் ஓட்டத்தால்தான் நாங்கள் தோற்றோம். அந்த வருடம் அத்தோடு முடிந்தது.

அதற்கு நான்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு விதத்தில் சரி. காலையில் சரியாக இருந்த மண்ணை நான் தொடாமல் விட்டிருந்தால் முதலில் கொடுத்த இரண்டு ஓட்டமும் போயிருக்காது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தலைவர் கலியாணம் முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் மனேஜரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"சாவி என்ன சொன்னது?"

"சேறு என்று சொன்னது."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் தொடங்கி இரண்டு மாதம் என் கையில் ஹோஸ் தரவில்லை. வாங்கில் கழுவினேன். யாரிடமும் முறைப்பாடு சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் காலை வந்தபோது ஹோஸ் என் கொழுக்கியில் சுருட்டித் தொங்கியது.

தர்சனுக்கு அந்த வருடமும் அணியில் இடம் கிடைத்தது. மனேஜர் கொடுத்தார். என்னோடு பேசவில்லை, ஆனால் அதைக் கொடுத்தார்.

ஹோஸ் என் கைக்குத் திரும்பிய அன்று ஆட்டத்துக்கு முன் தர்சன் முதல் பேஸுக்கு வந்தார். "ஹலோ அங்கிள்" என்றார். பொக்கற்றிலிருந்து தன் கார்ச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு வீட்டுச் சாவியைப் பிரித்து, குனிந்து, மண்ணில் குத்தினார். இழுத்துப் பார்த்தார். துடைத்து வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒருபோதும் முகம் கோணவில்லை, வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார், தாய் கொடுத்துவிட்டதாகப் பலகாரம்கூடக் கொண்டுவந்து தந்தார். ஆனால் சாவியைக் குத்தாமல் ஒருநாளும் போகவில்லை. முதலில் எனக்கு நெஞ்சில் குத்தியது போல இருந்தது. சிவத்திடம் சொன்னேன்.

"வேற என்ன செய்யச் சொல்லுறீர்?" என்றார் சிவம். "உம்மட சேத்தில விழுந்தது அந்தாள்."

அது சரிதான். மன்னிப்பு அவர் அன்றைக்கே தந்துவிட்டார். நம்பிக்கை வேறு. அதை நான் கேட்டு வாங்க முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் சரியான மண்ணைக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. நீங்களும் என்றாவது ஒருநாள் பிழை விடுவீர்கள். அதன் பிறகு ஒருவர் வந்து உங்கள் வேலையைக் குனிந்து பார்த்தால் கோபிக்காதீர்கள். தள்ளி நின்று இடம் விடுங்கள்.

அந்த வருடக் கடைசி ஆட்டம்தான் தர்சனின் கடைசி ஆட்டமும். இம்முறை முடிவு எடுத்தது அவர்தான். முழங்காலும் இல்லை, மண்ணும் இல்லை, காணும், இனிப் போதும் என்று அவருக்கே தோன்றியது என்றார். தாயும் வேறு இருபது சொந்தக்காரரும் வந்து இருந்தார்கள். நான் பன்னிரண்டு மணிக்கே மண்ணைச் சரி பார்த்துவிட்டு, அவர் வந்து குத்துவதற்கு வசதியாக விலகி நின்றேன்.

அவர் வந்தார். முதல் பேஸை ஒரு தரம் காலால் மிதித்தார். பிறகு தன் இடத்துக்கு நடந்தார். சாவியை எடுக்கவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "தம்பி, மண் பாக்கேல்லையோ?"

திரும்பினார். "நீங்கள் பாத்தனீங்கள்தானே அங்கிள்?"

"பாத்தனான்."

"பிறகென்ன?" என்றார். பந்து கேட்டுக் கையுறையை உயர்த்தினார்.

வேலியோரம் வந்து நின்றேன். ஆட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அணி பந்து பிடித்துப் பழகிவிட்டு உள்ளே போனதும் நான் மறுபடியும் முதல் பேஸுக்குப் போனேன். பழைய அப்பார்ட்மென்ட் சாவியை எடுத்தேன். அவர் காலூன்றும் இடத்தில் குனிந்து இன்னொரு தரம் குத்திப் பார்த்தேன்.